திறக்காத சிப்பியும் திறந்த முத்தும்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பு கலைந்து பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு வழக்கு வந்து நின்றது. வழக்காளி ஆறாம் வகுப்புச் சிறுவனின் தந்தை. எதிராளி பத்தாம் வகுப்பில் படிக்கும் பையன். நம் பீடச்சிறுவர்களில் ஒருவன். வழக்குப் பொருளோ ஒரு வாள். அந்த வாளை நாம் பார்க்க முடியவில்லை, தொடவும் முடியவில்லை. அது கைப்பேசி விளையாட்டு ஒன்றிற்குள் இருக்கும் வாள். சிறியவனுக்கு அது ஏதோ ஒரு பரிசுப்பெட்டியில் தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காத வாளாம். பெரியவன் அதைக் கண்டான்; அதன் அருமை அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வண்ண உடைகளைக் காட்டி, அவற்றைத் தந்து வாளை வாங்கிக்கொண்டான். அந்த உடைகள் எவரும் எளிதில் பெறக்கூடியவை. சிறியவன் பன்னிரண்டு கிடைத்ததென்று மகிழ்ந்து வீடெல்லாம் காட்டியிருக்கிறான். மூன்றாம் நாள் அவனுடைய சித்தப்பா மகன் வந்து வாளின் விலையைச் சொன்னபோதுதான் அழுகை தொடங்கியது.

“விலை தெரியாத பிள்ளைய ஏமாத்திட்டான், சாமி” என்றார் தந்தை.

“நான் பொய் சொல்லல, சாமி. ‘இதத் தாரியா, அதத் தாரேன்’னு கேட்டேன். அவனும் சரின்னுதான் குடுத்தான். விளையாட்டுதானே சாமி, இது பாவமா?” என்றான் பையன்.

இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை என்பதை வாசக அன்பர்களிடம் ஒப்புக்கொள்கிறோம். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் இல்லாத வாள் ஒன்றின் நியாய விலை எவ்வளவு என்று நமக்கு எவரும் கற்பிக்கவில்லை. இருவரையும் அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, அன்று மாலை ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம். நடக்க நடக்க ஒன்று தெளிவாயிற்று. வாள் புதியது, கேள்வி புதியதன்று. நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக அதே கேள்வி கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கு அது முத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தது.

கொற்கையை இன்று காணச் செல்பவர் வயலையும் வாழைத்தோட்டத்தையும் குளத்தையுமே காண்பார். கடல் அங்கிருந்து பல கல் தொலைவு விலகிவிட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறையைத் தூர்க்கவே, வாணிபம் பழையகாயலுக்கும், அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயலுக்கும் காயல்பட்டினத்திற்கும் இடம் பெயர்ந்தது. கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதை விளக்கியுள்ளார். அந்தக் கொற்கைதான் பாண்டியரின் முத்துத் துறை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த செங்கடல் பயணக் குறிப்பு, பாண்டிய மன்னனுக்குரிய கொற்கைச் சலாபத்தில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர் என்று கூறுகிறது. உரோமையின் செல்வச் சீமாட்டிகள் காதில் ஊசலாடிய முத்துக்காக மூச்சடக்கியவன் கைதி. தான் எடுத்ததன் விலை அவனுக்குத் தெரிந்திருந்தால்தான் என்ன, தெரியாவிட்டால்தான் என்ன?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ காட்டும் காட்சி சற்று வேறுபட்டது. வணிகர் முதல் போட்டுத் தோணி கட்டுகின்றனர். கூலிக்கு ஆள் பிடிக்கின்றனர். பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மூழ்கியவன் கைக்கு வருவது எஞ்சியதில் ஒரு துண்டு. மந்திரம் ஓதியவரின் கணக்கு எழுத்தில் ஏறியிருக்க, மூச்சடக்கியவரின் கணக்கு ஏறாமல் போனது நம் போன்ற குருக்கள் கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்ற வரலாற்றை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1532இல் அவர்தம் தூதுவர் கொச்சிக்குச் சென்றதும், அதன்பின் சில ஆண்டுகளில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் ஒருசேரத் திருமறையில் சேர்ந்ததும், 1542 அக்டோபரில் புனித சவேரியார் இக்கரைக்கு வந்ததும் ஊரறிந்தவை. ஆயின் ஒரு சிறு செய்தியை மட்டும் நினைவூட்டுவோம். முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சவேரியார் அத்தொகையைச் சிற்றூர்களில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்களின் ஊதியத்திற்குத் தருமாறு அரசியிடம் வேண்டினார் என்றும், விண்ணகம் ஏறுவதற்கு இதைவிட நல்ல காலணி இல்லை என்று நயமாக எழுதினார் என்றும் மறைபரப்பு வரலாற்றாசிரியர் கூறுவர். அரசியும் இசைந்தார். மூழ்கும் கடற்கரைக்கும் செருப்பு அணியும் அரண்மனைக்கும் இடையே எத்தனை கைகள் இருந்தன, ஒவ்வொரு கையும் எவ்வளவு எடுத்தது என்பதைச் சவேரியார் நேரில் கண்டவர். இந்தியாவில் அதிகாரிகள் கொள்ளையிடுதல் என்னும் ஒரே வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் உருமாற்றிப் பயில்கிறார்கள் என்று தம் தோழருக்கு எழுதியவர் அவர். இலத்தீன் இலக்கணம் படித்து அடிவாங்கிய நமக்கு அந்தக் கசப்பான நகைச்சுவை நன்றாகவே விளங்கும்.

இனிச் சலாபம் நடந்த முறைக்கு வருவோம். நம் வழக்குக்கு வேண்டிய வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடக்கவில்லை. பார்களில் சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும் நடந்தது. 1889, 1890, 1900, 1908 என்று இடைவெளி விட்டு வந்த ஆண்டுகள் அவை. 1889ஆம் ஆண்டுச் சலாபத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் கண்டு எழுதினார். பின்னர் ஜேம்ஸ் ஹார்னல் இத்தொழிலைத் துறைபோக ஆராய்ந்தார். அவர்கள் வழியாகவும், சிறு வயதில் சலாபம் கண்ட முதியவர்கள் சொல்லக் கேட்டும் நாம் அறிந்தது இது.

நள்ளிரவுக்குப்பின் நிலக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியலில் பாரை அடையும். தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. குளியாளி கல்லில் காலூன்றி, கயிற்றைப் பற்றி, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கூடையை நிரப்பவேண்டும். மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாகவோ உடன்பிறந்தவராகவோ இருப்பது வழக்கம்; உயிர் அந்தக் கயிற்றில் இருந்ததால். பிற்பகல் கடற்காற்றில் தோணிகள் கரை திரும்பும். சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று குளியாளர்க்கு. அரசின் குவியல் அன்று மாலையே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். குளியாளர் தம் பங்கைச் சுமந்து வெளியே வந்ததும் சிறு வணிகரும் வேடிக்கை பார்க்க வந்தவரும் சூழ்ந்துகொண்டு பத்து, ஐந்து என்று சில்லறையாக வாங்குவர்.

இங்கே கவனிக்க வேண்டியது, விற்கப்பட்டது முத்து அன்று, திறக்காத சிப்பி என்பதே. ஆயிரம் சிப்பி வாங்கியவருக்கு ஒரு நல்ல முத்தும் கிடைக்காமல் போகலாம். அரையணாவுக்குச் சில சிப்பி வாங்கிய பனையேறிக்கு ஒரு தோட்டம் வாங்கும் முத்துக் கிடைக்கலாம். பார்த்த வெளிநாட்டார் பலரும் இதைக் குலுக்குச்சீட்டு என்றே வருணித்தனர். அது சூதின் சாயலுடையது என்பதை நாம் மறுக்கவில்லை. 2018இல் பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள், இக்கால விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்துத் தடுத்தனர். சிப்பிக்குவியலைக் கண்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ! எனினும் அந்தச் சூதில் ஒரு நேர்மை இருந்தது. விற்பவருக்கும் உள்ளிருப்பது தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே இருட்டில் நின்றனர்.

அந்த இருட்டையும் கொஞ்சம் குறைக்க வழிசெய்திருந்தனர். சலாபம் தொடங்குமுன் பார்களிலிருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பீட்டாளர் விலையிட்டு, ஆயிரம் சிப்பிக்கு ஏறத்தாழ இவ்வளவு பெறும் என்று முன்கூட்டியே அறிவித்தனர். வணிகரை வரவழைக்க வருவாய்த்துறை செய்த ஏற்பாடு அது. அறத்தின்பால் கொண்ட காதலால் செய்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதன் பயன் அறத்தின் பயனே. எட்டயபுரத்து வணிகருக்குத் தெரிந்தது புதிதாக வந்த ஏழைக்கும் தெரிந்தது.

சிப்பி அழுகிக் கழுவப்பட்டு முத்து உள்ளங்கைக்கு வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. அந்த நொடியிலிருந்து ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். முத்தை மதிப்பிடுவது எளிய வித்தையன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த முத்துகளை அங்குள்ள கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்றும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்றும் பிரித்துப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அத்தனை நுட்பம். பின்னாள் முத்து வணிகர் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தனர். ஆணி, அனதாரி, மசங்கு, கலிப்பு, குறவல், தூள் எனத் தரத்திற்கொரு பெயர். எடையை மஞ்சாடியில் நிறுத்துச் செவ்வு என்னும் கணக்கில் விலை கண்டனர். செவ்வுக் கணக்கில் விலை எடைக்கு நேராக ஏறுவதில்லை. எடையின் வர்க்கமாக ஏறும். ஒரு மஞ்சாடி முத்துக்கு ஒரு பங்கு விலை என்றால் அதே தரத்து இரண்டு மஞ்சாடி ஒற்றை முத்துக்கு இரண்டு பங்கன்று, நான்கு பங்கு. மூன்று மஞ்சாடிக்கு ஒன்பது. இக்கணக்கு அறியாத ஒருவர், தம் சிறு முத்துக்குக் கிடைத்த விலையைக் கொண்டு பெரிய முத்தின் விலையை நினைத்திருந்தால், இரட்டிப்பு விலை கிடைத்ததும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். பன்னிரண்டு உடை கிடைத்த நம் சிறுவனைப் போல.

இன்னொரு நுட்பமும் உண்டு. மங்கிக் கிடக்கும் முத்தின் மேல்தோலை மெல்ல உரித்தால் உள்ளே நீரோட்டம் மிக்க முத்து இருக்கக்கூடும். இருக்கிறதா இல்லையா என்பதைத் தேர்ந்த கண் ஒன்றே ஊகிக்கும். மங்கல் முத்தென்று விற்றவரிடம் வாங்கியவர் சொன்னது பொய்யன்று. அது மங்கல்தான். சொல்லாமல் விட்டதில்தான் இலாபம் இருந்தது.

குளியாளர் எல்லாரும் ஏமாளிகள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது அவர்களை இழிவுபடுத்துவதாகும். கரை திரும்பும் வழியில் தோணிக்குள்ளேயே சிப்பியைப் பிளந்து, தளர்ந்து கிடந்த நல்ல முத்துகளை வாயிலும் காதிலும் மறைத்துக்கொண்டதாக அதிகாரிகள் ஓயாமல் புலம்பியுள்ளனர். தடுக்கக் காவலர்களைத் தோணியில் ஏற்றினர். சில வேளை காவலரும் கூட்டுச் சேர்ந்தனர். அங்கே இருட்டில் நின்றது அரசு. அறிந்தவன் அறியாதவனிடம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று.

கடலை விட்டு ஆற்றோரமாக மேற்கே வந்தாலும் இதே கதைதான். மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போனவர்கள் கண்டிருப்பார்கள். தரகர் இருவர் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவர். மாட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்பார். அவருடைய மாட்டின் விலை அவருக்கு ஒரு முழத் தொலைவில், ஒரு துணிக்கு அடியில் தீர்மானமாகிக்கொண்டிருக்கும். முத்து வணிகரிடமும் இதே விரல்மொழி இருந்தது. தொழில் இரகசியம் காக்கவும், சுற்றி நிற்பவர் குறுக்கிடாதிருக்கவும் தோன்றிய முறை என்று இதற்கு நியாயம் சொல்வர். இருக்கலாம். நம் தகப்பனார் ஒருமுறை ஒரு சோடிக் காளையை விற்றுவிட்டு வந்து, வீட்டு வாசலில் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது நமக்கு நினைவிருக்கிறது. துண்டை எடுத்தபின் தமக்குச் சொல்லப்பட்ட விலையும் விரல்கள் பேசிய விலையும் ஒன்றுதானா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இந்தக் கேள்வியை மேனாட்டு அறிஞர்களும் விட்டுவைக்கவில்லை. கி.மு. 44இல் சிசரோ தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வழக்கை முன்வைக்கிறார். ரோட்சுத் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு வணிகன் ஒருவன் முதலில் வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்லவேண்டுமா? தியோகேனசு என்ற மெய்யியலார், பொய் சொல்லாதவரை குற்றமில்லை. சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார். அவருடைய மாணவர் அந்திப்பாத்தரோ சொல்லியே ஆகவேண்டும் என்றார். சிசரோ மாணவர் பக்கம் சேர்ந்தார். நம் பத்தாம் வகுப்புப் பையன் தன்னை அறியாமலே தியோகேனசின் கட்சியில் இருக்கிறான்.

புனித தோமா அக்குவினார் இதே வழக்கை எடுத்துக்கொண்டு வந்த முடிவு வியப்பூட்டும். விற்கும் பொருளின் குறையை மறைப்பது அநீதி, அதில் ஐயமில்லை. ஆனால் நாளை விலை இறங்கும் என்ற செய்தியைச் சொல்லாத தானிய வணிகன் கண்டிப்பான நீதிக்கு எதிராகச் செய்ததாகாது. சொல்லியிருந்தால் அவன் புண்ணியம் மிகுதி என்று அவர் நிறுத்திக்கொள்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, இவ்வளவு பெரிய அறிஞர் இங்கே வணிகனுக்குச் சற்று இடம் கொடுத்துவிட்டாரே என்று நாம் குறைப்பட்டதுண்டு. இப்போது நினைக்கையில் அவர் வேறுபடுத்திக் காட்டியது ஆழமானது என்று தோன்றுகிறது. வரப்போகும் கப்பல் நாளைய செய்தி. அது பொருளுக்குள் இல்லை. குறையோ பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் விற்பவன் அறியாத நிறைவும் பொருளுக்குள் இருப்பதுதானே? அக்குவினார் அதற்கும் விடை வைத்திருக்கிறார். விலையின் சமன் குலைந்தால், வாங்குபவன் பக்கமானாலும் விற்பவன் பக்கமானாலும் ஈடுசெய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. உரோமைச் சட்டமும் ஓரளவு இதை உணர்ந்திருந்தது. நியாய விலையில் பாதிக்கும் குறைவாகத் தன் நிலத்தை விற்றுவிட்டவன் நீதிமன்றத்தை நாடலாம் என்று 285இல் தியோக்கிளேசியன் பெயரால் ஓர் ஆணை பிறந்தது. வாங்கியவன் எஞ்சிய விலையைக் கொடுக்கவேண்டும், அல்லது நிலத்தைத் திருப்பவேண்டும்.

புனித அகுஸ்தீனாரோ சட்டம் பேசவில்லை. தாம் அறிந்த ஒரு மனிதரைச் சுட்டுகிறார். மூவொரு கடவுள் பற்றிய நூலின் பதின்மூன்றாம் பகுதியில் அச்செய்தி வருகிறது. அம்மனிதரிடம் ஒருவன் ஒரு சுவடியை விற்க வந்தான். அதன் அருமை விற்பவனுக்குத் தெரியவில்லை. சொற்ப விலை கேட்டான். வாங்கியவரோ அவன் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்தார். அவ்வளவே கதை.

நற்செய்தி வாசிப்பவர்க்கு இங்கே ஓர் இடறல் உண்டு. மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரத்தில் நல்முத்தைத் தேடிய வணிகன் தனக்குள்ள யாவையும் விற்று அதை வாங்குகிறான். அவன்மேல் குறையில்லை, முழு விலை கொடுத்தான். ஆனால் அதற்கு முந்திய வசனத்து மனிதன்? பிறர் நிலத்தில் புதையலைக் காண்கிறான், மூடி மறைக்கிறான், நிலத்துக்காரனிடம் ஒன்றும் சொல்லாமல் நிலத்தை வாங்குகிறான். பூசையில் இதை வாசித்துவிட்டுப் பீடத்தைவிட்டு இறங்கும்போதெல்லாம் அந்த நிலத்துக்காரனின் நினைவு நமக்கு வருவதுண்டு. உவமை புகழ்வது அம்மனிதனின் மகிழ்ச்சியையும் துறவையுமே அன்றி அவன் பேரத்தை அல்ல என்று உரையாசிரியர் விளக்குவர். அது சரியே. என்றாலும் யூத மரபு இன்னொரு கதையைப் போற்றி வைத்திருக்கிறது. ஆண்டவருக்கு ஒரு நூற்றாண்டு முன் வாழ்ந்த சிமியோன் பென் செத்தாகு என்ற அறிஞருக்கு அவருடைய மாணவர்கள் அரபியன் ஒருவனிடம் கழுதை வாங்கித் தந்தனர். கழுதையின் கழுத்தில் ஒரு முத்துத் தொங்கிற்று. இனி நீங்கள் உழைக்க வேண்டியதில்லை என்று மாணவர் மகிழ்ந்தனர். விற்றவனுக்கு இது தெரியுமா என்று கேட்டார் அவர். தெரியாது என்றனர். தாம் வாங்கியது கழுதைதானே என்று சொல்லி முத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் உண்மைப் பொருளுக்கு, விளையாட்டுக்கு? பையனின் கேள்வியில் வலிமையானது அந்தப் பகுதிதான். ஆடு புலி ஆட்டத்தில் எதிராளியின் கவனக்குறைவைப் பயன்படுத்துவது பாவமா? அன்று. ஏமாற்றுவதே அந்த ஆட்டத்தின் கலை. இக்கால விளையாட்டுகளிலும் பண்டமாற்று ஆட்டத்தின் ஒரு பகுதியே. மலிவாக வாங்கி அருமையாக மாற்றுவது ஒரு திறமை என்று நம் பங்கின் இளைஞர் ஒருவர் நமக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் வழியாக இன்னொன்றும் அறிந்தோம். ரூன்ஸ்கேப் என்னும் இணைய விளையாட்டை நடத்திய இங்கிலாந்து நிறுவனம் 2008 சனவரியில் ஒரு கட்டுப்பாடு விதித்தது. மாற்றிக்கொள்ளும் இரு பக்கப் பொருள்களின் மதிப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் மாற்று நடக்கும். நிறுவனத்தின் நோக்கம், விளையாட்டுப் பொருளை வெளியே உண்மைப் பணத்திற்கு விற்பவர்களை ஒடுக்குவது. ஆயினும் தியோக்கிளேசியன் ஆணையின் பேரப்பிள்ளை ஒன்று கணினிக்குள் பிறந்ததுபோலவே நமக்குத் தோன்றிற்று. ஆட்டக்காரர்களோ அதை வெறுத்தனர். நண்பனுக்கு ஒரு பொருளை இலவசமாகக் கொடுக்கக்கூட முடியவில்லையே என்றனர். இறுதியில் வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் கட்டுப்பாட்டை நீக்கினர். சமன் செய்யும் சட்டம் கொடையையும் கொன்றுவிடும் என்பதை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆகவே விடை சட்டத்தில் மட்டும் இல்லை. ஆடு புலி ஆட்டத்தில் இருவரும் ஆடுகின்றனர். எதிரே இருப்பவன் தன்னை வீழ்த்தப் பார்க்கிறான் என்பது இருவருக்கும் தெரியும். மாலை ஏலத்தில் நின்றவரும் அப்படியே. நம் பங்கின் இரு பிள்ளைகளுக்கிடையே நடந்தது வேறு. பெரியவன் ஆடினான், சின்னவன் நம்பினான். பீடத்தில் தனக்கு மணியடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் கேட்கிறார் என்றே அவன் வாளைக் கொடுத்திருக்கிறான். தான் ஓர் ஆட்டத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. வாள் மெய்யா பொய்யா என்பதைக் கொண்டு இதைத் தீர்ப்பது எப்படி? அவன் வைத்த நம்பிக்கை மெய்.

அடுத்த ஞாயிறு பையன் தனியாக வந்தான். மேற்சொன்ன கதைகளில் கழுதைக் கதையை மட்டும் அவனுக்குச் சொன்னோம். சொல்லும்போது நம் தொண்டை சற்று அடைத்தது. காரணத்தை இங்கே எழுதிவிடுகிறோம். குருமட மாணவனாக விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள், பாளையங்கோட்டையில் பழைய காகிதம் எடைக்கு வாங்கும் கடையொன்றில் வீரமாமுனிவரின் சதுரகராதியின் பழம்பதிப்பு ஒன்றைக் கண்டோம். கடைக்காரர் படிப்பறியாதவர். என்ன விலை என்றோம். தராசில் வைத்தார், ஐந்து ரூபாய் கேட்டார். நாம் மூன்று ரூபாய்க்குப் பேரம் பேசினோம். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார், படிக்கிற பிள்ளை என்று. அகுஸ்தீனாரின் அந்தப் பகுதியைப் படித்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்புதான். ஆனால் கடை அப்போதும் அங்கேதான் இருந்தது. நாம் போகவில்லை. இன்று அந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. அகராதி நம் மேசைமேல் இருக்கிறது. இக்கட்டுரைக்கு ஒரு சொல்லைப் பார்க்க நேற்றும் அதைப் புரட்டினோம்.

இதையும் பையனிடம் சொன்னோம். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் வாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்றான். வெளியூரில் முகமறியாத ஒருவருக்கு அதை 800 ரூபாய்க்கு மாற்றிவிட்டானாம், பணமும் செலவாகிவிட்டதாம். அறநெறி இறையியலில் ஈடுசெய்தல் என்ற தலைப்பில் நாம் படித்ததெல்லாம் அப்போது உதவிக்கு வந்தது. பொருள் திரும்பாவிட்டால் விலை திரும்பவேண்டும். ஒருசேர முடியாவிட்டால் சிறிது சிறிதாக. ஞாயிறுதோறும் இருபது ரூபாய் என்று அவனே சொன்னான். பன்னிரண்டு உடைகளின் விலையைக் கழித்துக்கொள்ளலாம் என்று நாம் சொன்னதற்கு, வேண்டாம் சாமி என்றுவிட்டான். சின்னவனின் தந்தைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஒரே தவணையில் வேண்டும் என்றார். பிறகு எப்படியோ ஒத்துக்கொண்டார்.

இதை எழுதும்போது ஏழு ஞாயிறு கழிந்திருக்கிறது. நாற்பதுக்கு இன்னும் முப்பத்துமூன்று. பூசை முடிந்ததும் கோவில் வாசலில் வேப்பமரத்தடியில் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சின்னவன் எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொள்கிறான். சென்ற வாரம் அவனை அழைத்து, இதுவரை கிடைத்த பணத்தை என்ன செய்தாய் என்று கேட்டோம். அதே விளையாட்டில் ஒரு பரிசுப்பெட்டி வாங்கினானாம். திறந்து பார்த்தானாம். ஒன்றும் இல்லையாம், சாமி.